ஆம்புக்குள் இருக்கும் டிஎஸ்பி: பாட்டுக்கு அல்ல, பாக்ஸுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சவுண்ட் செட் வைத்திருப்பவர்களிடம் புதிதாக வாங்கிய ஆம்பை, அதாவது ஆம்ப்ளிஃபயரை, பற்றிக் கேட்டுப் பாருங்கள். "டிஎஸ்பி ஆம்ப்ண்ணா, அடி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்" என்பார் ஒருவர். "டிஎஸ்பி இருக்கு, இனிமே ஸ்பீக்கர் காயில் எரியவே எரியாது" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அதை எக்கோ மாதிரி ஏதோ எஃபெக்ட் என்று நினைத்துக்கொண்டு, மெனுவுக்குள்ளேயே போகாமல், கடையிலிருந்து வந்தபடியே வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பார். மூன்று பேருமே தொழில் தெரிந்தவர்கள்தான். பந்தலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை பாக்ஸ் வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் டிஎஸ்பி, அதாவது சிக்னலை எண்ணாக்கிக் கணக்குப் போடும் பகுதி, வாட்ஸைக் கூட்டாது, எக்கோ கொடுக்காது, நாம் சரியான எண்ணைக் கொடுக்காதவரை எதையும் காப்பாற்றவும் செய்யாது.

பிறகு அதற்கு என்னதான் வேலை? முதலில் ஆம்ப் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், அப்போதுதான் இது புரியும்.

## ஆம்புக்கு எதுவும் தெரியாது

மிக்சரிலிருந்து கேனான் ஒயர் வழியாக ஆம்புக்குள் வருவது சுமார் 1 வோல்ட் சிக்னல். ஆம்ப் அதை, உதாரணத்துக்கு 40 மடங்கு பெருக்கி, 40 வோல்ட்டாக ஸ்பீக்கர் ஒயரில் தள்ளுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வந்தது பாட்டா, மைக் கீழே விழுந்த சத்தமா, பின்னால் மாட்டியிருப்பது 18 இஞ்ச் பேஸ் பாக்ஸா, உள்ளங்கை அகல ஹார்னா என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிக்குப் போயிருந்தால் இதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளலாம். லாரி எதை ஏற்றினாலும் இழுக்கும். லாரிக்கு முன்னால் தரம் பிரிக்கிற ஆள் ஒருவர் நிற்கிறாரே, விஷயம் அவரிடம்தான் இருக்கிறது. பெங்களூராவைக் கூழ் ஃபேக்டரி வண்டிக்கும், மல்கோவாவைப் பழக்கடை வண்டிக்கும் பிரித்து அனுப்புவார். லோடு மிஞ்சினால் போதும் என்று கை காட்டி நிறுத்துவார். இரண்டு வண்டி ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்றால் கிட்டத்து ஊருக்குப் போகிற வண்டியைக் கொஞ்சம் நிறுத்திவைத்து அனுப்புவார். பிரிப்பது, அளவோடு நிறுத்துவது, நேரம் பார்த்து அனுப்புவது. டிஎஸ்பி செய்வதும் இந்த மூன்றையும்தான். பெயர் முறையே கிராஸ்ஓவர், லிமிட்டர், டிலே. கூடவே ஈக்யூ என்று ஒன்று உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ப்ராசஸர் என்று தனிப் பெட்டி ரேக்கில் உட்கார்ந்திருக்கும். இப்போதும் பெரிய செட்டுகளில் இருக்கிறது. கிரவுன் எக்ஸ்டிஐ, யமஹா பிஎக்ஸ், பெரிங்கர் என்எக்ஸ்-டி மாதிரி ஆம்புகளில் அதையே ஆம்பின் உள்ளே வைத்துவிட்டார்கள்.

## உள்ளே நடப்பது வெறும் கணக்கு

டிஎஸ்பி என்பது டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங். உள்ளே வரும் சிக்னலை நொடிக்கு 48,000 முறை (சிலவற்றில் 96,000 முறை) அளந்து எண்ணாக மாற்றி, அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கி, திரும்பவும் மின்சாரமாக மாற்றி, பெருக்கும் பகுதிக்கு அனுப்புவது. இதற்கு ஒன்றிரண்டு மில்லி செகண்ட் ஆகும். மில்லி செகண்ட் என்றால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் சத்தம் காற்றில் போகிற தூரம் ஓர் அடிக்குச் சற்று மேல், சுமார் 35 சென்டிமீட்டர். ஆகவே "டிஜிட்டல் ஆம்ப்ல லேட்டா வருது" என்று யாராவது சொன்னால், பாடகர் தன் குரலைக் கேட்க முன்னால் வைத்திருக்கும் மானிட்டர் பாக்ஸிலிருந்து ஓரடி, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றதற்குச் சமம், கவலைப்பட எதுவுமில்லை.

இதுவரை பார்த்தது: ஆம்ப் பெருக்குகிறது. அதற்கு முன்னால் நின்று எது, எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்வது டிஎஸ்பி. சவுண்டை அது உண்டாக்குவதில்லை.

## கிராஸ்ஓவர்: யாருக்கு எது

பேஸ் பாக்ஸால், அதாவது சப்பால், பேச்சைத் தெளிவாகச் சொல்ல முடியாது, மேல் சத்தத்துக்கான பாக்ஸான டாப்பில் இருக்கும் சின்ன ஹார்னால் தவில் அடியைத் தாங்க முடியாது. அதனால் சிக்னலை ஓர் இடத்தில் வெட்டி, கீழே உள்ளதைச் சப்புக்கும் மேலே உள்ளதை டாப்புக்கும் கொடுக்கிறோம். வெட்டும் இடம் பெரும்பாலும் 80-லிருந்து 120 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. எண் குறையக் குறையச் சத்தம் கனமாகும்.

வெட்டு என்றதும் கத்தி வைத்த மாதிரி இருக்காது, சரிவாகத்தான் இறங்கும். ஆம்ப் திரையில் எல்ஆர் 24 என்று ஒன்று இருக்கும். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு இன்ஜினியர்களின் பெயர் அது, 1976-ல் வெளியான முறை; 24 என்பது சரிவு எவ்வளவு செங்குத்து என்ற எண். சப்பும் டாப்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து மேடும் பள்ளமும் இல்லாமல் கேட்கும் என்பதுதான் இதன் சிறப்பு. பாக்ஸ் கம்பெனி வேறு எதுவும் சொல்லாத பட்சத்தில் இதையே வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் கோட்டை விடுவது கீழ்ப்பக்கத்து வெட்டில். சப்பையும் ஒரு இடத்துக்குக் கீழே போகவிடாமல் நிறுத்த வேண்டும். முன்னால் ஓட்டை விட்ட பேஸ் பாக்ஸுக்கு ஒரு ட்யூனிங் உண்டு, 40 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40-க்கு மேலே, பாக்ஸுக்குள் இருக்கும் காற்று கோனை, அதாவது ஸ்பீக்கரின் அதிரும் தாளை, அணைத்துப் பிடித்துக்கொள்ளும். கீழே போனால் பிடிமானம் விட்டுப்போகும். கோன் அங்குலக் கணக்கில் முன்னும் பின்னும் ஆடும், ஆனால் வெளியே சத்தம் ஒன்றும் பெரிதாக வராது. ஒகேனக்கல் மாதிரி ஆற்றங்கரை மேடையில் காற்று மைக்கில் மோதும்போது சப்பின் ஜாலிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: பாட்டே ஓடாதபோதும் கோன் பம்மிப் பம்மி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். காதுக்குக் கேட்காத அந்த ஆட்டம்தான் கோனைப் பின்னாலிருந்து தாங்கும் ஸ்பைடரைக் கிழிக்கிறது. ட்யூனிங் 40 என்றால் 35 ஹெர்ட்ஸ் சுமாருக்கு ஒரு ஹைபாஸ், அதாவது அதற்கு மேலே உள்ளதை மட்டும் விடும் வடிகட்டி, போட்டுவிட்டால் முடிந்தது. காசு செலவில்லாத வேலை, ஆனாலும் பாதிப் பேர் போடுவதில்லை.

## லிமிட்டர்: இங்கேதான் பெரிய குழப்பம்

லிமிட்டர் என்பது ஒரு அளவுக்கு மேல் சிக்னலைப் போகவிடாமல் தானாகவே சத்தத்தை அழுத்திப் பிடிக்கும் பகுதி. அந்த அளவை நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் வோல்ட்டில். வாட்ஸிலிருந்து வோல்ட் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்: வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 500 வாட்ஸ், 8 ஓம் பாக்ஸ் என்றால் 4000-ன் வர்க்கமூலம், சுமார் 63 வோல்ட்.

அதே மாதிரி இரண்டு பாக்ஸைச் சேர்த்து ஒரு சேனலில் மாட்டினால் 4 ஓம் ஆகிவிடும். அப்போது லிமிட்டரை ஏற்ற வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு பாக்ஸுக்கும் அதே 63 வோல்ட்தான் போகிறது, ஆம்ப் மட்டும் 1000 வாட்ஸ் கொடுக்கிறது. "ரெண்டு பாக்ஸ் போட்டிருக்கு, கொஞ்சம் ஏத்திக்கலாம்" என்று ஏற்றினால் இரண்டும் சேர்ந்து போகும்.

இப்போது ஸ்பீக்கர் எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். ஒன்று, சூடு. காயில் வழியாக நீண்ட நேரம் அதிக மின்சாரம் ஓடி, பசை உருகி, காயில் கருகுவது. இன்னொன்று, மேலே சொன்ன ஆட்டம், ஒரே அடியில் கோன் எல்லை தாண்டிப் போவது. சூட்டுக்கு ஆர்எம்எஸ் லிமிட்டர். அது சில நொடிகளின் சராசரியைப் பார்த்து மெதுவாக இறங்கும். திடீர் அடிக்கு பீக் லிமிட்டர், அது உச்சத்தைப் பார்த்து உடனே பிடிக்கும். பாக்ஸின் பின்னால் தொடர்ச்சியாக 500 வாட்ஸ், பீக் 2000 வாட்ஸ் என்று எழுதியிருந்தால் ஆர்எம்எஸ் 63 வோல்ட், பீக் 126 வோல்ட். வாட்ஸ் நான்கு மடங்கு ஆனால் வோல்ட் இரண்டு மடங்குதான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பகல் முழுக்க ஓடும் திருவிழாவுக்கு நான் ஆர்எம்எஸ்ஸை 63-ல் வைக்க மாட்டேன், 45-ல் வைப்பேன். அது 250 வாட்ஸ். பாதியாகிவிட்டதே என்று பதற வேண்டாம், வாட்ஸ் பாதியானால் 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் கணக்கு) குறையும், பந்தலில் நிற்கிற யாரும் அதைக் கண்டுபிடித்து வந்து சண்டை போடப்போவதில்லை. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்கு வேண்டும். காயிலைச் சுட்டுப் பெறுகிற சத்தம் அவ்வளவு ஒன்றும் இல்லை.

அடுத்தது கிளிப்பிங். ஆம்பின் சப்ளையால் 80 வோல்ட்தான் முடியும், மிக்சரில் இருப்பவர் 120 கேட்கிறார் என்றால் அலையின் தலை மொட்டையடிக்கப்பட்டு வெளியே வரும். கரகரவென்று கேட்குமே, அதுதான். பாட்டில் உச்சம் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும், சராசரி பவர் அதில் சிறு பங்குதான். மொட்டையடித்தால் உச்சம் அப்படியே நிற்க, சராசரி மட்டும் ஏறிக்கொண்டே போகும். முழுக்க மொட்டையான அலை, அதே உச்சம் உள்ள வழவழப்பான அலையைப் போல இரண்டு மடங்கு பவரைச் சுமக்கும். கூடவே மேல் ஹெர்ட்ஸ்கள் புதிதாக முளைத்து, உள்ளே கிராஸ்ஓவர் இருக்கும் சாதா பாக்ஸ்களில் நேராக ட்வீட்டருக்கு, அதாவது மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கருக்கு, போகும். "சின்ன ஆம்ப்தானே, எரிக்காது" என்று நம்பியவர்கள் அதில் அதிரும் மெல்லிய தகடான டயாஃப்ரத்தை மாற்றிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, லிமிட்டர் தனிப் ப்ராசஸரிலும் இருக்கிறதே, ஆம்புக்குள் இருந்தால் என்ன விசேஷம்? இருக்கிறது, பெரிய விசேஷம். தனிப் ப்ராசஸருக்கு ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று தெரியாது. ஆம்ப் வால்யூம் குமிழைப் பாதியில் வைத்துக் கணக்குப் போட்டு லிமிட்டர் வைத்திருப்பீர்கள். கூட்டம் சேர்ந்ததும் யாரோ ஒரு தம்பி ரேக்குக்குப் பின்னால் போய்க் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டால், 6 டெசிபல் ஏறியது என்று வைத்துக்கொண்டால்கூட, 63 வோல்ட்டில் நிற்க வேண்டியது 126-க்குப் போகும். 500 வாட்ஸ் பாக்ஸுக்கு 2000 வாட்ஸ். ப்ராசஸரில் லிமிட்டர் விளக்கு எப்போதும் போலச் சமர்த்தாக மின்னிக்கொண்டிருக்கும். ஆம்புக்குள் இருக்கும் லிமிட்டரில் வெளியே போகும் வோல்ட்டையே அளவாக வைப்பதால், குமிழைத் திருப்பி அதை ஏமாற்ற முடியாது.

ஊர்க் கோயில் லைனில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்கு ரொம்பத் தள்ளி ஒரு கம்பத்தில் கொக்கி, அதே லைனில் சீரியல் செட், ராட்டினம், கரும்புச்சாறு மெஷின். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வரும். சாதா சப்ளை உள்ள ஆம்பில் உள் வோல்ட்டும் அதே விகிதத்தில் இறங்கும், 80 வோல்ட் கொடுத்தது 63-ஐ எட்டுவதற்கே திணறும். அதாவது லிமிட்டர் வேலை செய்யும் முன்பே கிளிப்பிங் வந்துவிடும். இதற்கு டிஎஸ்பியில் மருந்து இல்லை. ஒழுங்கான ஜெனரேட்டரோ, கனமான ஒயரோதான் மருந்து.

சுருக்கமாக: லிமிட்டர் அளவு பாக்ஸைப் பொறுத்தது, வோல்ட்டில் வைப்பது. சூட்டுக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. எண் தப்பாக இருந்தால் லிமிட்டர் இருந்தும் இல்லாததுதான்.

## டிலே: ஒன்றாகப் போய்ச் சேர்வது

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்குக் கூட்டம் நீளமாக உட்காரும். மேடையில் ஒரு ஜோடி பாக்ஸ், 30 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி. ஒயரில் மின்சாரம் கண நேரத்தில் போய்விடும், காற்றில் சத்தம் நொடிக்கு 345 மீட்டர் சுமாருக்குத்தான் போகும். பின்னால் இருப்பவருக்குப் பக்கத்துப் பாக்ஸ் முதலில் பேசும், மேடைப் பாக்ஸின் சத்தம் 87 மில்லி செகண்ட் கழித்து வந்து சேரும். கட்டியங்காரன் ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு ஒன்றரையாகக் கேட்கும். பின் ஜோடிக்கு 87 மில்லி செகண்ட் டிலே வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மதியம் பாரதச் சொற்பொழிவு 35 டிகிரியில், ராத்திரி கூத்து 22 டிகிரியில் என்றால் மாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு டிகிரிக்கு வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் மாறும், மொத்தமாக 30 மீட்டருக்கு 2 மில்லி செகண்ட் வித்தியாசம்தான். விட்டுவிடுங்கள்.

சப்புக்கும் டாப்புக்கும் நடுவில் உள்ள டிலேதான் அதிகம் கவனிக்க வேண்டியது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.45 மீட்டர். சப்பை மேடைக்குக் கீழே முன்னால் தள்ளி வைத்து, டாப்பை மேலே பின்னால் நிறுத்தி, நடுவில் அதில் பாதி, அதாவது 1.7 மீட்டர், வித்தியாசம் வந்துவிட்டால் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். கிராஸ்ஓவர் இடத்தில் அடி காணாமல் போகும். அங்கே நின்று "இன்னும் ரெண்டு சப் இருந்தா நல்லா இருக்கும்" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். முன்னால் இருக்கும் சப்புக்கு 5 மில்லி செகண்ட் டிலே கொடுத்தாலே போதும்.

## ஈக்யூ: பாக்ஸுக்கு ஒன்று, பாட்டுக்கு வேறு

ஈக்யூ எல்லோருக்கும் தெரியும், குறிப்பிட்ட ஹெர்ட்ஸைக் கூட்டுவதும் குறைப்பதும். ஆம்புக்குள் இருக்கும் ஈக்யூ, பாக்ஸின் பிறவிக் குணத்தைச் சரிசெய்ய மட்டும். ஹார்ன் 3000 ஹெர்ட்ஸில் காதைக் குத்துகிறது என்றால் அது எந்த ஊருக்குப் போனாலும் குத்தும், அதை ஆம்பில் ஒரு தடவை குறைத்துவிட்டு மறந்துவிடலாம். மண்டபத்துக்கான ஈக்யூவும் பாடகர் குரலுக்கான ஈக்யூவும் மிக்சரில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பது அதுதான். ஆம்ப் மெனுவில் பேஸைக் கூட்டிவிட்டு அடுத்த விழாவில் ஏன் குமுறுகிறது என்று தேடுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் தரை கிரானைட், சுவர் பாதி வரை கிரானைட், மேலே தகரம். சத்தம் அங்கே மோதி இங்கே மோதி வந்துகொண்டே இருக்கும். அதை எந்த ஈக்யூவாலும் துடைக்க முடியாது. ஏனென்றால் அது சத்தத்தின் அளவுப் பிரச்சினை அல்ல, நேரப் பிரச்சினை. பாக்ஸைச் சுவரிலிருந்து திருப்பி ஆட்கள் மேல் விழ வைப்பதும், வால்யூமைக் குறைத்துப் பாக்ஸ் எண்ணிக்கையைக் கூட்டுவதும் பலன் தரும்.

## ப்ரீசெட் என்னும் வம்பு

இந்த எண்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்கு ப்ரீசெட் என்று பெயர். நல்ல பாக்ஸ் கம்பெனிகள் தங்கள் பாக்ஸுக்கானதைத் தாங்களே தருகின்றன. வம்பு எங்கே வரும் என்றால், ஆம்பை வாடகைக்குக் கொடுத்து வாங்கும்போது. அரூர்க்காரர் சப்புக்கு ஓட்டிய ஆம்ப் உங்கள் டாப்புக்கு வந்தால், வாயில் துணி அடைத்த மாதிரி பேசும். அதுவாவது பரவாயில்லை, கேட்டதும் தெரிந்துவிடும். ஹார்னைத் தனி சேனலில் ஓட்டும் செட்டில், வெட்டே இல்லாத ப்ரீசெட் வந்து உட்கார்ந்தால் முதல் தவில் அடியிலேயே டயாஃப்ரம் போய்விடும். ஆம்பின் முகத்தில் ஒரு டேப் ஒட்டி எந்தப் பாக்ஸ், எந்த ப்ரீசெட் என்று எழுதி, மெனுவுக்குப் பாஸ்வேர்ட் பூட்டும் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே தனிப் ப்ராசஸர் இருக்கிறது, இப்போது டிஎஸ்பி ஆம்பும் வாங்கியாகிவிட்டது என்றால் கிராஸ்ஓவரை ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். இரண்டிலும் 100 ஹெர்ட்ஸில் எல்ஆர் 24 போட்டால் அந்த இடத்தில் 6 டெசிபல் பள்ளம் விழும். லிமிட்டர் மட்டும் ஆம்பில் இருக்கட்டும், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். மற்றபடி இரண்டு பாக்ஸ், உள்ளேயே கிராஸ்ஓவர், மாசத்துக்கு நாலு காதுகுத்து என்று ஓடுகிறவர்களுக்கு டிஎஸ்பி ஆம்ப் அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசுக்கு நல்ல மைக் வாங்கலாம்.

செட் கட்டிய அன்று ஸ்பீக்கர் ஒயரை மாட்டும் முன் ப்ரீசெட்டைப் பாருங்கள். அப்புறம் வால்யூமைக் குறைத்து ஒவ்வொரு பாக்ஸாகக் கேளுங்கள்: சப்பில் பேச்சு தெளிவாகக் கேட்டாலோ, டாப்பில் தவில் அடி குமுறினாலோ வெட்டு தப்பு. மேளக்காரரை நாலு தட்டு தட்டச் சொல்லிவிட்டு லிமிட்டர் விளக்கைக் கவனியுங்கள். அடிக்கு ஒரு தடவை மினுக்கினால் சரி. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் மிக்சரைக் குறையுங்கள், அதற்கும் சத்தம் பத்தவில்லை என்றால் வண்டியை அனுப்பி இன்னொரு ஜோடி பாக்ஸ் எடுத்துவரச் சொல்லுங்கள்.